கீழ்த்தெருத் தண்ணீர்

ஒரு கத்தோலிக்கப் புனிதரை நடுத்தெருவில் வழிமறித்தவள் நான். இடப்பெயர்வு பற்றிக் கூட்டங்களில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேசுகிற இந்த வயதிலும் அதை வெளியில் சொல்வதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் ஓர் இத்தாலியக் கிழவரின் வீட்டு பேஸ்மென்டில் குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது. வீட்டுக்காரரின் ஊர் மலைமேல் இருந்ததாம். மேல்தெரு, கீழ்த்தெரு, நடுவில் ஒரேயொரு ஊற்று. அவருடைய பாட்டன் காலத்துக் கோடையொன்றில் மேல்தெருவார் ஊற்றைப் பூட்டி, கீழ்த்தெருவாருக்குத் தண்ணீர் இல்லை என்றுவிட்டார்கள். அதன்பிறகு ஒருவர் வீட்டில் மற்றவர் வாய் நனைப்பதில்லை. பின்னாளில் பாதி ஊர் கப்பலேறி வந்து, எங்களைச் சுற்றி நாலு தெருவுக்குள் அடைந்து, சங்கமும் அமைத்தது. கோபத்தையும் மறக்காமல் ஏற்றி வந்திருந்தார்கள்.

“எங்கட ஆக்களைப் போலத்தான்,” என்று அப்பா மகிழ்ந்துபோனார்.

ஓகஸ்ட் மாதத்தில் ஊர்ப் புனிதரின் சிலை பாண்ட் வாத்தியத்தோடு தெருவெல்லாம் வரும். சில வாசல்களில் நிற்கும். சங்கத் தலைவர் மேல்தெரு. ஆகவே கீழ்த்தெருக்காரரான எங்கள் வீட்டுக்காரரின் வாசலில் அது நின்றதேயில்லை. ஒவ்வொரு வருடமும் அவர் கோட் போட்டு, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, வைனும் பிஸ்கட்டும் வைத்துக் காத்திருப்பார். புனிதர் திரும்பிப் பாராமல் போவார். அந்த வருடம் அவருக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் வேறு நடந்திருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. வாசலில் நிறைகுடம் வைத்தால் சாமி நிற்கும். நான் அறிந்த ஒரே சட்டம் அது. கையில் அகப்பட்ட சில்வர்க் குடத்தில் தண்ணீர் நிரப்பி, மாவிலைக்குப் பதில் மேப்பிள் இலை ஐந்து செருகி, சம்பலுக்கு வைத்திருந்த தேங்காயை மேலே வைத்து, ஸ்டூலோடு நடுறோட்டில் நிறுத்தினேன்.

பாண்ட் நின்றது. சிலையை மரக்கால்களில் இறக்கினார்கள். முன்னால் தூக்கி வந்த தடித்த மேல்தெருக்காரர், வியர்வை ஒழுக, “என்ன இது?” என்று வீட்டுக்காரரைக் கேட்டார்.

வீட்டுக்காரர் குடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “தண்ணீர்,” என்றார்.

அந்த மனிதர் தேங்காயை என் கையில் தந்துவிட்டு, இலைகளை விலக்கி, குடத்தில் வாய் வைத்துக் குடித்தார். அடுத்தவரும் குடித்தார். குடம் கைமாறிக்கொண்டே போனது. வீட்டுக்காரர் கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்தார்.

அப்பா இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பி நின்றிருந்தார். ஊர்வலம் மூலை திரும்பிய பிறகும் நின்ற இடத்திலேயே நின்று உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, சாமி போயிட்டுது. உள்ளுக்கு வாங்கோ.”

“ஓம், வாறன்.” வரவில்லை.

தொழிற்சாலைச் சவர்க்காரம் கையைக் கடிக்கிறதாக்கும் என்று நினைத்தேன். எங்கள் கோயில் தேரும் அதே மாதத்தில்தான் என்பதோ, பிள்ளை வயதிலிருந்து அதற்கு வடம் பிடித்த கைகள் அவை என்பதோ, அந்த வருடம் சண்டையில் ஊரே இடம்பெயர்ந்து அங்கே தேர் இழுக்க ஒருவரும் இல்லை என்பதோ எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன, இன்னொரு குடம் வைத்திருப்பேன்.

மாலையில் வீட்டுக்காரர் வைன் போத்தலோடு கீழே இறங்கி வந்து, மேல்தெருவார் தன் வாசலில் தண்ணீர் குடித்த கதையை மூன்று தரம் சொன்னார். அவர் படியேறும்வரை சிரித்துக்கொண்டிருந்த அம்மா என் பக்கம் திரும்பினா.

“எந்தக் குடத்தையடி வைச்சனி?”

“பாத்ரூமில இருந்ததை.”

“நாசமறுவாளே, அது கால் கழுவிற குடமெல்லோ!”