டீசல் மூடிக்குப் போட்ட சீல்

துறைமுகச் சாலையில் லாரிகளை நிறுத்தி எடை போடுகிற என் எடைமேடையை நான் கட்ட வந்தபோது அந்த இடம் வெறும் உப்பளத்துச் சேறு. லோடு லாரி நின்றால் அச்சு வரை இறங்கிவிடும். இதிலா மேடை போடப் போகிறீர்கள் என்று கட்டிட இன்ஜினியரே சிரித்தார். போட்டேன். அதற்கு முன்னால், யாரும் வாங்காத ஒரு பழைய லாரியை வாங்கி, அதை ஆறு லாரி ஆக்கினேன். அதற்கும் முன்னால் பனங்காட்டு ஊரிலிருந்து ஐந்தாம் வகுப்போடு இங்கே வந்து உப்பு மூட்டை தூக்கினேன். கண்டெய்னர் இறக்கி வைக்க யார்டு, மில்லர்புரத்தில் மாடி வீடு, எல்லாம் நான் ஒருத்தன் நின்று உண்டாக்கியவை. கூட நின்றவர்கள் என்று சொல்லிக்கொள்ள அன்றைக்கு ஒருவரும் இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

என்னிடம் ஏழு பேர் உட்காருகிற ஒரு டீசல் கார் இருக்கிறது. அதைப் பதினொரு வருஷமாக ஒரே டிரைவர்தான் ஓட்டினார். மாப்பிள்ளையூரணிக்காரர், ஐம்பதை நெருங்கும் வயது. லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி அது. நான் அதை எந்த நோட்டிலும் எழுதுவதில்லை. ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே குழாயில், அது தானாக ‘டக்’ என்று நிற்கும் வரை டீசல் நிரப்புவேன். மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் இறங்குகிறதோ, அதைக் கொண்டு இடையில் ஓடிய கிலோமீட்டரை வகுத்தால் தீர்ந்தது. கணக்கு மனசுக்குள்ளேயே ஓடும்.

போன மழைக்காலத்தில் நாலு டயரையும் மாற்றினேன். யார்டுக்குள் சேறு, கார் தாழ்வாக இருக்கிறது என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பாதி நிஜம். துறைமுகக் கேட்டில் நிற்கும்போது என் கார் மற்றவன் காரை விட உயரமாகத் தெரிய வேண்டும் என்பதுதான் மீதிப் பாதி. டயர் கடையில் டிரைவர் மெல்ல இழுத்தார்.

“அண்ணாச்சி, கம்பெனி போட்ட அளவ விட ரொம்பப் பெருசா இருக்கு. வேண்டாம்னு படுது.”

“ஏலே, லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுன கை இது. எனக்கு டயரப் பத்திப் பாடம் எடுக்கியா?”

அவர் தள்ளிப் போய் நின்றார்.

அடுத்த முறை டேங்க் நிரப்பினேன். மீட்டரில் நானூறு கிலோமீட்டர், முப்பத்திரண்டு லிட்டர் இறங்கியது. பன்னிரண்டரை. அதற்கு அடுத்த முறையும் பன்னிரண்டரைதான். ஒன்றரைக் கிலோமீட்டர் எங்கே போனது?

எனக்குச் சந்தேகம் ஒரு பக்கம்தான் போனது. லாரிக்காரனுக்கு டீசல் குறைந்தால் ரப்பர் டியூபும் கேனும்தான் கண்ணில் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு, அதை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். வாலிப வயதில் நான் ஓட்டிய லாரி வேறொருவருடையது. அதில் டியூப் போட்டு டீசல் உறிஞ்சியிருக்கிறேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. அந்த வாடை எனக்குத் தெரியும். அதனால் அடுத்தவன் வாயிலும் அது இருக்கும் என்று நினைத்தேன்.

கண்டெய்னர் கதவில் போடுகிற வயர் சீல் யார்டில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர், அறுத்தால்தான் திறக்கலாம். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, கேட்டுக்கு எதிரே டீக்கடையில் டிரைவர்கள் கூட்டமாக நிற்கும்போது, என் காரின் டீசல் மூடிக்கும் அதன் மேல்கதவுக்கும் சேர்த்து அந்தச் சீலைக் கோர்த்து இழுத்தேன். வீட்டிலேயே போட்டிருக்கலாம். நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் அங்கே போட்டேன்.

“அண்ணாச்சி கார் எக்ஸ்போர்ட்டுக்குப் போகுதோ?” என்றான் டிரைலர் ஓட்டுகிற ஒருவன்.

“உள்ள என்ன சரக்குன்னு கேளுலே, கஸ்டம்ஸ்காரன் வந்து பாக்கணும்லா,” என்றான் பக்கத்தில் நின்ற இன்னொருவன்.

கடையே சிரித்தது. என் டிரைவர் கையிலிருந்த டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

“நம்பர எழுதி வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. பொறவு சீல மாத்திட்டாம்பீங்க,” என்றார்.

எழுதி வைத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் நானே பங்குக்குப் போய், சீலை அறுத்து, நிரப்பி, புதுச் சீல் போட்டேன். இரண்டு டேங்க் ஓடியது. சீல் சீலாகவே இருந்தது, எழுதி வைத்த நம்பரும் மாறவில்லை. கணக்கு அதே பன்னிரண்டரை. மனிதன் என்றால் அங்கேயே வாயை மூடியிருக்க வேண்டும். நான் எடைமேடை ஆபீசில் வைத்து அவரிடம், “அப்போ நீ ஏசியப் போட்டுட்டு வண்டிக்குள்ள தூங்குத,” என்றேன்.

அவர் சாவியை மேஜையில் வைத்தார்.

“சீலு போட்டா டீசலு நிக்கும்னு நெனச்சீங்க, நிக்கல. இப்பம் தூக்கம்ங்கீங்க. நாளைக்கு என்னத்தக் கண்டுபிடிப்பீங்கன்னு நான் காத்துக்கிட்டு இருக்க முடியாது அண்ணாச்சி.”

அவ்வளவுதான். போய்விட்டார். நானும் கூப்பிடவில்லை.

இனி யார் திருடுகிறான் பார்க்கலாம் என்று நானே காரை ஓட்டினேன், சீலும் போட்டுக்கொண்டுதான். ஒரு டேங்க், பன்னிரண்டரை. இன்னொரு டேங்க், பன்னிரண்டரை. வண்டியில் என்னைத் தவிர யாரும் ஏறவில்லை. அந்த இரண்டாவது டேங்க் நிரப்பிய அன்று பங்கில் வண்டியை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அவர் எடுக்கவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் என்ன காரணம் என்று தெரியாமல் அவர் வீட்டு வாசலில் போய் எப்படி நிற்பது?

காரணம் திருநெல்வேலி சாலையில் கிடைத்தது. கண் டாக்டரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். கண்ணாடி மாற்ற வேண்டுமா என்று நானே சோதித்துக்கொள்ள, சாலையோரத்துக் கிலோமீட்டர் கற்களைத் தூரத்திலிருந்தே வாசித்துக்கொண்டு போனேன். பத்துக் கல் தாண்டியபோது மீட்டரைப் பார்த்தேன். அது இன்னும் பத்தைத் தொடவில்லை, ஒன்பது சொச்சத்தில் நின்றது. கண்தான் தப்பாக எண்ணிவிட்டது என்று அடுத்த கல்லிலிருந்து புதிதாக ஆரம்பித்தேன். வல்லநாட்டு மலை நன்றாகத் தெரிந்த பிறகும் எண்ணினேன். இருபத்தைந்து கல்லுக்கு மீட்டர் காட்டியது இருபத்துமூன்று.

காரை ஓரங்கட்டினேன். பின்னால் ஸ்டெப்னி டயர் மட்டும் பழைய அளவு, அதை நான் மாற்றவில்லை. இறக்கி, ஓடுகிற சக்கரத்தின் பக்கத்தில் நிறுத்தினேன். மூன்று விரல்கடை குட்டையாக இருந்தது. பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக ரோட்டை விழுங்கும். மீட்டருக்கு அது தெரியாது, பழைய சக்கரம்தான் சுற்றுகிறது என்று நினைத்து எண்ணும். கார் இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடினால் மீட்டருக்கு இருபத்துமூன்றுதான். வெயிலில் நின்று கணக்குப் போட்டேன். என் பன்னிரண்டரை உண்மையில் பதிமூன்றரை. மிச்சம் குறைந்த அரையும் அந்தக் கனமான டயரை உருட்டுவதற்குச் செலவானதுதான். காணாமல் போனது டீசலே இல்லை, கிலோமீட்டர். அதைக் காணாமல் போக்கியது என் டயர். லாரி லாரியாக அடுத்தவன் சரக்குக்கு எடை சொல்லிப் பிழைக்கிறவன், என் காரின் மீட்டர் சரியா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

கண் டாக்டரிடம் போகவில்லை. அங்கிருந்து திரும்பி நேரே மாப்பிள்ளையூரணிக்குப் போனேன். டிரைவரின் மனைவிதான் வெளியே வந்தார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

“ஒரு மாசமாச்சு அண்ணாச்சி. எங்க வேல கேட்டுப் போனாலும், ‘சீலு போட்ட வண்டி டிரைவரு நீதானா’ன்னு கேக்காவ. அதான் இப்பம் இவிய பேரு.”

டிரைவர் பின்னாலேயே வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், டயர், கல், மீட்டர். தப்பு என் மேலேதான் என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. வா, காரில் ஏறு, நீயே கல்லை எண்ணிப் பார் என்றேன்.

“நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. நான் எதுக்குக் கல்லு எண்ணணும்?” என்றார். “எண்ண வேண்டியவங்க டீக்கடைல நிக்காங்க.”

மறுநாள் அதே பதினோரு மணிக்கு டீக்கடைக்குப் போனேன். அன்றைக்குக் கேலி பேசிய இரண்டு பேரையும் வண்டியில் ஏறச் சொன்னேன். எதற்கு என்று அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஒருவன் கல்லை எண்ண, இன்னொருவன் மீட்டரைப் பார்க்க, திருநெல்வேலி சாலையில் ஓட்டினேன்.

“இருபது. அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவா, கல்லு ஓடுது.”

“கல்லா ஓடுது? ஒழுங்கா எண்ணுலே, ஒரு மனுசன் பொழப்பு இது,” என்றான் மீட்டர் பார்த்தவன்.

இருபத்தைந்தாவது கல்லில் அவன் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தான். “இருபத்துமூணு,” என்றான். திரும்பி வருகிற வழியில் அவர்கள் கேலி பேசவில்லை. கேலி பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கடையில் இறங்கியதும் நானே சொன்னேன். “அவன் ஒரு சொட்டு எடுக்கல. சீலு போட்டவன் மேலதான் குத்தம்.” சொல்லிவிட்டு, மூடியில் மிச்சமிருந்த சீலை அங்கேயே அறுத்தேன்.

அந்த வாரமே டிரைவருக்கு ஒரு மீன் கம்பெனியில் வேலை கிடைத்தது. என்னிடம் திரும்பி வரவில்லை. வரச் சொல்லிக் கேட்டேன், சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றேன். “இருக்கட்டும் அண்ணாச்சி,” என்றார், அவ்வளவுதான். வழியில் பார்த்தால் வண்டியின் வேகத்தைக் குறைக்கிறார், நிறுத்துவதில்லை.

இப்போது துறைமுகச் சாலை முழுக்க இந்தக் கதை ஓடுகிறது. அதில் இரண்டு டிரைவர்கள் கல் எண்ணி அண்ணாச்சியின் பொய்யைப் பிடித்தார்கள் என்று வருகிறது. பொய் இல்லை, முட்டாள்தனம், ஆனாலும் போகட்டும். டயர் போட்டது நான், சீல் போட்டது நான், ஒரு நல்ல மனிதனைக் கள்ளன் ஆக்கியது நான். இதில் ஒன்றைக்கூடக் குறைத்துச் சொல்லாதீர்கள். ஆனால் முதல் கல்லை மீட்டரோடு வைத்துப் பார்த்தவனும் நான்தான். அந்த இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போய் எண்ண வைத்தவனும் நான்தான். கதையைச் சொல்கிறவர்கள் அதையும் என் பேரில்தான் சொல்ல வேண்டும்.