விரலுக்குத் தெரியாத பட்டன்

"அது நான் பார்த்த பீஸாக இருக்கும்" என்று இன்று நான் சொல்லவில்லை.

எங்கள் கம்பெனியில் குழந்தைகளுக்கான பனியன் உடுப்புகள் தைக்கிறார்கள். தைத்து வரும் ஒவ்வொரு பீஸின் உள்ளேயும் கையை விட்டு, பிரஸ் பட்டனின் கூர் எங்காவது துருத்துகிறதா என்று தடவிப் பார்ப்பது என் வேலை. வயிற்றில் பிள்ளைக்கு இது ஏழாம் மாதம். இரண்டு வாரமாக விரல் நுனிகள் எறும்பு ஊர்வதுபோல் கூசி, பிறகு மரத்துவிடுகின்றன.

டாக்டரிடம் கேட்டேன். "சிலருக்கு வர்றதுதாங்க. கொழந்த பொறந்தா சரியாயிரும்" என்றார்.

மதியம் சூப்பர்வைசர் ஒரு பீஸைக் கொண்டுவந்து, என்னோடு ஒரே மேசையில் வேலை பார்க்கும் சாந்தியக்காவின் முன்னால் போட்டார்.

"ஏனுங்க, இது கொழந்த முதுகுல கீறாதுங்களா? பேச்சக் கொஞ்சம் கொறச்சுக்கோங்க."

அக்கா தடவிப் பார்த்தார். "குத்துதுங்க சார். ஆனா நான் பாத்தது இல்லீங்க."

"அப்பறம் யாரு, மாசமா இருக்கற புள்ளயா? அது எவ்வளவு பதனமாப் பாக்குது."

நானும் வாங்கித் தடவினேன். கண்ணுக்குத் தெரிந்த கூர் விரலுக்குத் தெரியவில்லை. சொன்னால் நாளை முதல் வீட்டில் இருக்கச் சொல்வார்கள். பீஸை மடித்து வைத்தேன்.

மரத்த விரலை எழுப்ப வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வாயை எழுப்பவும் ஏதாவது இருந்தால் சேர்த்தே சொல்லுங்கள்.

நான்கு மணிக்கு அக்காவைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அவர் பார்த்து முடிக்காத கட்டுகளை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்கள்.