வக்கீல் தேடிய அண்ணன்

பாரிமுனைக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், செங்குத்தான மரப்படி ஏறிப் போனால் அந்தப் பெரிய வக்கீலின் அலுவலகம். காத்திருந்தவர்கள் நிறைய, நாற்காலிகள் குறைவு. காலியாக இருந்த ஒன்றில் அம்மா உட்கார்ந்தாள். என் அண்ணன் குமாஸ்தாவிடம் போய்த் தணிந்த குரலில் ஏதோ சொல்லி, உள்ளேயிருந்து ஒரு மடக்கு நாற்காலியை வாங்கி வந்தார். அதை விரித்து, தன் கைக்குட்டையால் தூசி தட்டி, "உக்காரு பாப்பா. எவ்ளோ நேரம் ஆகுமோ" என்றார். எங்கள் முறை வரும்வரை அவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தார். வழக்கைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். தீர்ப்பு இல்லை, சாட்சிக்கூண்டு இல்லை. எனக்காக நாற்காலி துடைத்த அண்ணன்.

அப்பா தாம்பரத்தில் ரயில்வே பணிமனையில் இருந்தவர். பீர்க்கன்கரணை ஏரிக்குச் சற்றுத் தள்ளி ஒரு மனை வாங்கி, முன்பாதியில் வீடு கட்டினார். பின்பாதியில் கிணறு, இரண்டு முருங்கை, அம்மாவின் கீரைப்பாத்தி. அப்பா இறந்த மறு வருஷம், எண்பதுகளின் நடுவில், ஒருநாள் காலையில் அம்மா குடத்தோடு பின்கதவைத் திறந்தாள். வாசற்படிக்கு வெளியே கல்தூண்களும் முள்கம்பியும் நின்றன. கிணறு வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அங்கே நின்ற ஆட்கள், "இது எங்க முதலாளி வாங்கின எடம், எதா இருந்தாலும் அவராண்ட பேசிக்கங்க" என்றார்கள். அந்த வட்டாரத்தில் வயல்களை வாங்கி மனை போட்டு விற்றுக்கொண்டிருந்த ஒருவர்தான் அந்த முதலாளி. அம்மா காலிக் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே வெகுநேரம் நின்றாள். கல்யாணமாகிப் பம்மலில் வாடகை வீட்டில் இருந்த அண்ணன் அப்போது கம்பெனி வேலையாக வேலூர் போயிருந்தார். திரும்பி வந்ததும் வேலியைப் பிடித்து ஆட்டினார், கத்தினார். பிறகு எங்களைப் பார்த்து, "நல்ல வக்கீலாப் பிடிக்கணும். நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அம்மா அன்று சோறு சாப்பிட்டாள்.

அந்தக் காலத்தில் மெட்ராஸில் வக்கீல் தேடுவது என்பது வாயால் விசாரித்துத் தேடுவதுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், நாங்கள் கோயில் என்போம், ஆராதனை முடிந்து வெளியே நின்றால் ஆளுக்கொரு வக்கீலைச் சொல்வார்கள். நான் தட்டச்சராக இருந்த பல்லாவரத்துத் தோல் கம்பெனியில் மேனேஜர் ஒருவரைச் சொன்னார். மின்சார ரயிலில் என்னோடு தினமும் வரும் அக்கா, அவர் பக்கம் மட்டும் போய்விடாதே என்றாள். சொத்து வழக்குக்கு ஒருத்தர், குற்ற வழக்குக்கு ஒருத்தர் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. மேற்குத் தாம்பரத்தில் முதலில் பார்த்தவர், நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் "ஜெயிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுத் தினசரிப் பேப்பரை எடுத்துக்கொண்டார். அவர் வேண்டாம் என்று மூவரும் ஒரே மனதாக இறங்கி வந்தோம்.

இரண்டாவதாகப் பார்த்தது குரோம்பேட்டையில் ஒரு வக்கீல் அம்மாவை. வீட்டின் முன்னறைதான் அலுவலகம். அண்ணன் கதையை ஆரம்பித்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க இருங்க சார். அம்மா, நீங்க சொல்லுங்க. கெணத்துல தினம் தண்ணி எடுக்கறது நீங்கதானே?" என்றார். அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் ஒன்றையும் எழுதாமல் கேட்டார். கடைசியில், "வேலிக்கு முன்னாடி யாராவது அளக்க வந்தாங்களா?" என்றார். யாரும் வரவில்லை என்றாள் அம்மா.

"அளக்காம இவ்ளோ சரியா, உங்க படிக்கட்டை ஒட்டி கல்லு நட முடியாதும்மா. நீங்க இல்லாத நேரத்துல யாரோ எல்லையக் காட்டியிருக்காங்க. அது யாருன்னு மொதல்ல வீட்டுக்குள்ள பேசிக்கங்க. அப்புறம் கேஸ் போடலாம். வருஷக்கணக்கா ஆகும், அதையும் இப்பவே சொல்லிடறேன்."

அண்ணன் எழுந்துவிட்டார். தெருவில் இறங்கியதும், "நம்ம வீட்டையே சந்தேகப்படுது பாரு. நம்பிக்கையா ஒரு வார்த்த பேசத் தெரியல, இதெல்லாம் ஒரு வக்கீலா?" என்றார். அம்மாவுக்கும் மனசு புண்பட்டிருந்தது. எல்லை தெரிந்தவர்கள் யார் இருக்கிறோம்? நாங்கள் மூன்று பேர்தானே.

அதற்கப்புறம்தான் பாரிமுனை, மரப்படி, மடக்கு நாற்காலி. பெரிய வக்கீல் அண்ணனோடு முழுக்க ஆங்கிலத்தில் பேசினார். சுவர் நிறையச் சட்டப் புத்தகங்கள். என் பக்கமும் அம்மா பக்கமும் அவர் திரும்பவே இல்லை. அதை நாங்கள் பெரிய மனுஷத்தனம் என்று எடுத்துக்கொண்டோம். காட்டிய இடத்தில் மூவரும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டோம். ரயிலில் வரும்போது அண்ணன், "இவரு எழுந்து நின்னாலே ஜட்ஜ் கவனிப்பாரு" என்றார். அம்மா அதைக் கோயிலில் எல்லாரிடமும் சொன்னாள்.

வழக்கு செங்கல்பட்டில் நடந்தது. வாய்தா, மறுபடி வாய்தா. ஒவ்வொரு தடவையும் அண்ணன்தான் போனார். "நீ எதுக்கு லீவ் போடற? அங்க வந்து வெயில்ல நிக்கறதுக்கா?" என்பார். வாய்தா நாளில் அம்மா கோவளத்திலிருந்து கூடை கொண்டுவரும் மீன்காரம்மாவிடம் நல்ல மீனாகப் பார்த்து வாங்கிக் குழம்பு வைப்பாள். அண்ணன் திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். கிணறு போனதால் தெருக்குழாயில் பிடித்த தண்ணீரில்தான் அந்தக் குழம்பு. அவர் முள்ளெடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே கோர்ட்டில் நடந்ததைச் சொல்வார். எதிர்க்கட்சி வக்கீல் திணறினார் என்பார். அம்மா சிரிப்பாள். நடுவில் அண்ணன் பம்மலில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து பொழிச்சலூரில் சொந்தமாக ஃபிளாட் வாங்கினார். போதகர் வந்து ஜெபம் செய்தார். தலைக்கு மேல் விமானம் இறங்கும் சத்தத்தில் ஜெபத்தில் பாதி கேட்கவில்லை. அம்மா புது வீட்டின் குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். அதைக் கட்டியது யார் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒரு வாய்தா நாளில் எங்கள் கம்பெனி முதலாளியின் வீட்டில் சாவு விழுந்து திடீரென்று விடுமுறை விட்டார்கள். அண்ணன் தனியாக நிற்பாரே என்று நினைத்துச் செங்கல்பட்டு ரயிலில் ஏறிவிட்டேன். கோர்ட் வளாகத்துக்குள் நுழையும்போது டவாலி வராந்தாவில் நின்று அம்மாவின் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார். அடுத்து அண்ணன் பெயர். அடுத்து என் பெயர். என் பெயரை அவ்வளவு உரக்க யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. பதறிப்போய் அண்ணனைத் தேடினேன். அவர் எதிரே டீக்கடையில், பெரிய வக்கீலின் ஜூனியரோடு கண்ணாடி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டவாலி திரும்பவும் கூப்பிட்டார். அண்ணன் தலை நிமிர்ந்து வராந்தாவைப் பார்த்தார். கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்துவிட்டு டீயை ஊதிக் குடித்தார். டவாலி வேறு யார் பெயரையோ கூப்பிட ஆரம்பித்தார்.

ஓடிப்போய், "அண்ணா, நம்மளக் கூப்ட்டாங்களே!" என்றேன்.

"நீ எங்க இங்க?" என்பதுதான் அவர் முதலில் கேட்டது. பிறகு சிரித்தார். "அது சும்மா பேர் வாசிக்கறது பாப்பா. உள்ள வக்கீல் பாத்துப்பாரு." ஜூனியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் உள்ளே இல்லை என்பது அந்தத் தலைகுனிவில் இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து குரோம்பேட்டையில் இறங்கி அந்த வக்கீல் அம்மா வீட்டுக்குத் தனியாகப் போனேன். எங்களை அவருக்கு ஞாபகம் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். "கூப்ட்டு யாரும் போகலன்னா கேஸ தள்ளுபடி பண்ணிடுவாங்கம்மா. பண்ணியிருப்பாங்க. திரும்ப எடுக்கச் சொல்லி மனு போடலாம், கெடு இருக்கு" என்றார். அந்தப் பெரிய வக்கீல் ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்டேன்.

"அவரு உங்க அண்ணனுக்குத்தான் வக்கீலா இருந்திருக்காரு. வர வேணாம்னு உங்க அண்ணன் சொல்லியிருப்பாரு, இவர் வரல. அந்த வக்கீல் உங்ககிட்ட என்னிக்காவது ஒரு வார்த்த பேசினாரா? உங்கம்மாகிட்ட?"

வீட்டில் சொன்னபோது அம்மா நம்பவில்லை. "அவன் டீ குடிக்கப் போயிருப்பான்டி, மறந்திருப்பான்" என்றாள். அண்ணனைக் கேட்டேன். முதலில் கோபப்பட்டார். பிறகு, அந்த மண்ணைக் கட்டிக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள், எனக்கும் குடும்பம் இருக்கிறது என்றார். பொழிச்சலூர் ஃபிளாட்டைக் கட்டி, பின்பாதி மனைக்குப் பதிலாக அவருக்குக் கொடுத்தது வேலி போட்டவர்தான் என்பது அப்போது வெளியே வந்தது. எல்லையைக் காட்டியது அண்ணன். வேலி போடும் நாளை முடிவு செய்து வேலூருக்குப் போனதும் அவர்தான். நாங்கள் மூவரும் வெயிலில் படியேறி இறங்கி வக்கீல் தேடிய அத்தனை நாளும், தோற்பதற்குத் தோதான ஒருவரை அவர் தேடிக்கொண்டிருந்தார். கேள்வி கேட்ட ஒரே வக்கீலை அதனால்தான் அவர் பாதியில் எழுந்து வேண்டாமென்றார். இவ்வளவையும் அம்மாவிடம் சொன்னேன். அவள் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

வக்கீல் அம்மா வழக்கைத் திரும்ப எடுக்க வைத்தார். அண்ணன் வாதியாக இருப்பதிலிருந்து விலகிக்கொண்டார். விசாரணை வர வருஷங்கள் ஆயின. எதிர்த்தரப்பு தன் சாட்சியாக அண்ணனைக் கொண்டுவந்தது. அன்று அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அவனை நேரில் பார்த்துவிட்டால் அவன் மாற்றிச் சொல்லமாட்டான் என்று நினைத்திருக்க வேண்டும். அண்ணன் கடவுளறிய உண்மை சொல்வதாகச் சொன்னார். பின்பாதி மனையை அப்பாவே உயிரோடு இருக்கும்போது விற்றுவிட்டதாகவும், அம்மாவிடம் அதை மறைத்ததாகவும் சொன்னார். தனக்கு மட்டும் தெரியுமாம். அப்பா எங்களுக்குத் தெரியாமல் ஒரு சட்டைகூட எடுத்ததில்லை.

வக்கீல் அம்மா எழுந்தார். கிணறு தோண்டியபோது நீங்களும் இறங்கி மண் அள்ளிக் கொடுத்தீர்களா என்று கேட்டார். அம்மா சொல்லியிருந்த விஷயம் அது. ஊற்று வந்ததும் முதல் கை தண்ணீரை மேலே கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தது அண்ணன்தான்.

"ஞாபகம் இல்ல" என்றார்.

வக்கீல் அம்மா திரும்பி, பெஞ்சில் இருந்த அம்மாவைக் காட்டினார். "அதோ உக்காந்திருக்காங்களே, அவங்க யாரு?"

அண்ணன் அம்மாவைப் பார்க்காமல் சொன்னார். "முதல் வாதி."

எழுதிக்கொண்டிருந்த நீதிபதி பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். "உங்களுக்கு என்ன உறவுன்னு கேக்கறாங்க." அண்ணன் உதட்டை நனைத்துக்கொண்டார். "அம்மா" என்று வந்தது, யாரோ மூன்றாம் மனிதரின் அம்மாவைச் சொல்வதுபோல. என் பக்கத்தில் அம்மா புடவைத் தலைப்பைத் தோளில் சரியாக இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் வாயிலிருந்து "மறந்திருப்பான்" என்ற வார்த்தையை நான் கேட்டதில்லை.

தீர்ப்பு எங்களுக்கே வந்தது. மேல்முறையீட்டிலும் நின்றது. வேலியைப் பிடுங்கியபோது கிணற்றில் பாதிக்குக் கட்டட இடிபாடு கிடந்தது. தூர் வாரலாம் என்றேன். அம்மா வேண்டாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் கோயிலில் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து, கீர்த்தனைகளை முன்போலவே உரக்கப் பாடுவார். அம்மா கோயிலை மாற்றவில்லை. பின்கதவைத் திறப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். அவள் இறந்தபோது அண்ணன் முன்னால் நின்று பெட்டியைத் தூக்கினார். மூத்த மகன். யாரும் தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை.

அம்மா போன அடுத்த வருஷம், ஊர் பெயர் சென்னை என்று மாறியிருந்த சமயம், அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலை நன்றாக நரைத்திருந்தது. பொழிச்சலூர் ஃபிளாட்டை அந்த மனை வியாபாரி இவருக்குக் கொடுப்பதற்கு முன்பே வேறொருவருக்கு விற்றிருக்கிறார். அந்த ஆள் இப்போது கோர்ட்டுக்குப் போய்விட்டார். உட்காரச் சொல்லாமலே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உனக்குத்தான் இதெல்லாம் தெரியும் பாப்பா. நல்ல வக்கீலா ஒருத்தர சொல்லு. நம்பிக்கையான ஆளா."

அவர் முகத்தில் வெட்கமோ கிண்டலோ இல்லை. கேட்டால் கிடைத்துவிடும் என்று நினைப்பவரின் முகம். பழிவாங்க எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை, பேப்பரை எடுத்துக்கொண்ட அந்த மேற்குத் தாம்பரத்துக்காரரைச் சொல்லியிருந்தால் போதும். ஒரு நிமிஷம் அந்தப் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. குரோம்பேட்டை வக்கீல் அம்மா உங்கள் வழக்கை எடுக்க மாட்டார், அவரிடம் ஜூனியராக இருந்து இப்போது தனியாகத் தொழில் செய்யும் ஒரு பெண் இருக்கிறாள், நேர்மையானவள் என்று சொல்லி, வீட்டு அடையாளமும் சொன்னேன். அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். வேறு யாரிடமாவது விசாரிக்க வேண்டுமா என்றுகூட என்னைக் கேட்கவில்லை.

அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன். நான் இன்றும் அவரை "அவர்" என்றுதான் எழுதுகிறேன், வேறுவிதமாக எழுத வரவில்லை. என்ன ஆனாலும் நான் அவரை ஏமாற்ற மாட்டேன் என்று அவருக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது. அதை நம்பித்தான் வழி கேட்டு வந்தார். அதையே நம்பித்தான், அத்தனை வருஷங்களுக்கு முன்னால், எங்கள் மனைக்குள் அந்த வேலியையும் போட வைத்திருக்கிறார்.