ஒளிராத புள்ளி

ஆய்வுக்கூடத்தில் அவளைச் 'சொட்டு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்த குழந்தைகளின் குதிகாலில் குத்தி எடுத்து, அட்டையில் உலர்த்தி அனுப்பும் ரத்தச் சொட்டுகளோடு பத்தொன்பது வருடமாக மல்லுக்கட்டுபவள்.

சொட்டிலிருந்து பொட்டளவு வட்டம் வெட்டி, கரைசலில் ஊறவைத்து, காகிதத்தில் தொட்டு வைப்பாள். கரைசலில் உள்ள கேலக்டோஸ்-1-பாஸ்பேட் என்ற பால் சர்க்கரைப் பொருள், ரத்தத்தின் நொதிகளால் கைமாறிக் கைமாறி, உடம்பு பயன்படுத்தக்கூடிய குளுக்கோஸ்-6-பாஸ்பேட் வரை வந்து சேர்ந்துவிட்டால், புற ஊதா விளக்கின் கீழ் அந்தப் புள்ளி நீலமாக ஒளிரும். ஒளிராவிட்டால் அந்தக் குழந்தைக்குப் பாலே நஞ்சு. ஆயிரக்கணக்கில் பார்த்தும் அவளுக்கு அந்த நீலம் அலுத்ததே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொண்ணூறு புள்ளிகளில் ஒன்று மட்டும் இருண்டு கிடந்தது. கை தவறியிருக்குமோ என்று மறுபடி செய்தாள். மறுபடியும் இருட்டு. வார்டுக்குப் போன் போட்டாள், யாரும் எடுக்கவில்லை. அட்டையில் முடிவைக் குறித்துத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் மூச்சிரைக்க ஏறினாள்.

குழந்தை பிறந்து ஆறாவது நாள். உடம்பெல்லாம் மஞ்சள். குடிப்பதையெல்லாம் கக்கிக்கொண்டிருந்தது. தாய் அப்போதுதான் மறுபடி மார்போடு அணைக்கப் போனாள்.

"கொஞ்சம் இரும்மா, பால் குடுக்காத!" என்று வாசலிலிருந்தே கத்தினாள் சொட்டு அக்கா.

டாக்டரம்மா ஓடி வந்து முடிவைப் பார்த்தார். முகம் மாறியது. "நிறுத்திடுங்க. சோயா பால் மாவு கொண்டுவாங்க, உடனே."

தாய் வெளிறிப்போனாள். "என் பாலா இவளுக்கு ஆகல?"

சொட்டு அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். "உன் பால்ல ஒரு குறையும் இல்லம்மா. அந்தச் சர்க்கரைய அடுத்த படிக்கு ஏத்தி விடுற ஒண்ணு இவ உடம்புல இல்ல. பாதி வழியில நின்னு ஈரல்ல தேங்குது. அவ்வளவுதான். அத உள்ள விடாம இருந்தா நல்லா வளருவா."

பத்தாம் நாள் மஞ்சள் வடிந்தது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் தேக்கம் பாதியாகியிருந்தது. ஒரு மாதம் கழித்துத் தாயே ஆய்வுக்கூடத்துக்கு வந்து குழந்தையை அவள் கையில் கொடுத்தாள். கொழுகொழுவென்று கனத்தது.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் சொட்டு அக்கா தன் கணவரையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, மூஞ்சில எதுவும் ஒட்டியிருக்கா?"

"நீங்க மெல்லுறீங்க. உள்ள இந்த நிமிஷம் சர்க்கரை எத்தன கோடிப் படி ஏறுது தெரியுமா? ஒண்ணுகூட உங்களக் கேக்கல."

"கேட்டிருந்தா நான் லீவுன்னு சொல்லியிருப்பேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகும் தட்டைத் தொடாமல், அவர் மெல்லுவதையே பிரமிப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள்.