ஐந்து நாட்டுக்கு ஒரு மாவிளக்கு

இந்தோனேசியாவை நினைத்துத் தூக்கம் கெட்டவள் முசரவாக்கத்தில் தேவகி ஒருத்திதான். ஊரில் அவளுக்கு ‘வெளிநாட்டு மந்திரி’ என்றே பேர். சிரிக்கிறவர்களுக்கு என்ன, புருஷன் பினாங்கில் இருந்தது அவளுக்கல்லவா.

கல்யாணமான மறு வருஷம், 1957இல், தணிகாசலம் கப்பலேறினான். சுமத்ராவிலிருந்து படகில் வரும் பாக்கையும் மிளகையும் இறக்கி வைக்கும் கிடங்கில் வேலை. ஐந்தாறு வருஷம் சம்பாதித்துக்கொண்டு திரும்புவதாகப் பேச்சு. அவன் ஊருக்குக் கிளம்ப இருந்த நேரத்தில் பினாங்கையும் சேர்த்து மலேசியா என்று புது நாடு உண்டாயிற்று. பக்கத்திலிருந்த பெரிய நாடான இந்தோனேசியா அதை ஏற்க மறுத்து, வியாபாரத்தையும் நிறுத்திவிட்டது. கிடங்கு காலி. ‘ரெண்டு நாடும் ராசியானால்தான் எனக்குப் பிழைப்பு. வெறுங்கையோடு எப்படி வருவேன்’ என்று எழுதினான்.

அன்றிலிருந்து நடவுக்குப் போன சேற்றுக்காலோடு பஞ்சாயத்து ரேடியோ முன்னால் போய் நிற்பாள். காஞ்சிபுரம் கச்சபேஸ்வரர் கோயிலில் கார்த்திகை ஞாயிறுகளில் புதுச்சட்டியில் மாவிளக்கேற்றித் தலையில் சுமந்து சுற்றுவார்கள். தலைவலி, காதுவலி தீர வேண்டிக்கொள்வது அது. தேவகியோ இரண்டு நாடும் ராசியாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

“ஏம்மா, மலேசியா எங்க இருக்குதுன்னு சாமிக்குத் தெரியுமா?” என்றாள் பக்கத்து வீட்டுப் பட்டம்மாள்.

“தெரியலன்னா நான் சொல்லிக்கினு இருக்கேன். கேட்டுக்கட்டும்.”

சாமி கேட்டுக்கொண்டது. 1966இல் சண்டை ஓய்ந்தது. அடுத்த வருஷம் அந்த இரண்டும் உட்பட ஐந்து நாடுகள் சேர்ந்து கூட்டமைப்பே வைத்துக்கொண்டன. அந்தக் கார்த்திகையில் நெற்றியில் நெய் வழிய, சிரித்தபடி கோயிலைச் சுற்றி வந்தாள் தேவகி.

தை மாதம் கடிதம் வந்தது. ‘படகு முன்னைவிட அதிகமாக வருகிறது. என்னை மேஸ்திரி ஆக்கிவிட்டார்கள். ஒருநாள் லீவு கிடையாது.’

“நாடு ராசியாவணும்னு கேட்டேனே, பட்டம்மா. மனுஷன் வரணும்னு கேக்கவே இல்லியே” என்று அழுதாள். பட்டம்மாள் அன்று கேலி செய்யவில்லை.

பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. வேலை போய்விடும் என்று பயந்து தணிகாசலம் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிக்கொண்டான். வந்து சேர்ந்தபோது 1971.

சென்னைத் துறைமுகத்துக்கே போய் அழைத்து வந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததும் என்ன பேசுவதென்று தெரியாமல், “ஹார்பர்ல ஆபீசர் இன்னா கேட்டாரு?” என்றாள்.

“எதுக்கு வந்தேன்னு கேட்டாரு. சொந்தக்காரங்கள பாக்கன்னு சொன்னேன். எத்தினி நாளுன்னாரு. முப்பதுன்னேன்.”

வாலாஜாபாத் தாண்டும்வரை, அவன் திரும்பிப் போக இருந்த முப்பது நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். பதினாலு வருஷமாக அவள் யாருக்காகக் காத்திருந்தாளோ அவன் தோளுரச உட்கார்ந்திருந்தான். அப்போதும் அவளுக்கு அவனை நினைத்து ஏக்கமாகவே இருந்தது.