சிதம்பரத்தை ரவியாக்கிய செயலாளர்

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் செயலாளர் இன்று, கொழும்பில் இருக்கிற தமிழாக்களைப் பதியும் பொலிஸ் படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்து கையெழுத்துக் கேட்டார்.

எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. "வாசியும் தம்பி" என்றேன்.

என் மகன் சிதம்பரத்துக்கு, வீட்டில் கூப்பிடும் ரவி என்ற பேரை எழுதியிருந்தார்.

"சிதம்பரம் இந்தியாவில இருக்கிற ஊரெல்லே அம்மா? அங்க போய் இயக்கப் பயிற்சி எடுத்து வந்தவனோ எண்டு துருவுவாங்கள். ரவி எண்டால் சிங்கள ஆக்களுக்கும் இருக்கிற பேர்."

"அடையாள அட்டையில சிதம்பரம், படிவத்தில ரவி! பொலிஸ் சுற்றிவளைப்பில ரெண்டையும் ஒத்துப் பார்த்துப் பிள்ளையை ஏத்திக்கொண்டு போனால், நீர் போய்க் கூட்டிக்கொண்டு வருவீரோ?"

செயலாளரின் முகம் கறுத்துவிட்டது. "மனுசருக்கு ஆர் ஊர்ப்பேர் வைக்கிறது?" என்று முணுமுணுத்தார்.

"அது என்ர மாமாவின்ர பேர். நீர் ஹெவ்லொக் டவுனில இன்னொரு வீடு வாங்கினீரே, ஹெவ்லொக் ஒரு வெள்ளைக்காரத் துரையின்ர பேர். வீட்டு உறுதிப் பத்திரத்தில அதையும் மாத்தி எழுதினீரோ?"

புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். அதை எழுதி முடிக்கும்வரை நான் அவருக்குத் தேத்தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

எங்கள் தொடர்மாடி ஆட்களே, உங்கள் படிவங்களையும் இவர்தான் நிரப்பினார். உங்களுக்கு என்ன பேர் வைத்திருக்கிறார் என்று பார்த்துச் சொல்லுங்கள்.