ரபீஹா அனுப்பிய வெறும் தட்டு

எங்கள் மேல்வீட்டு ரபீஹா இர்பித் நகரத்துப் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கியே காலத்தை ஓட்டியவள். ஓய்வு பெற்றதும் மொட்டை மாடியில் தோட்டம் போடக் கிளம்பினாள். அதுவரை ஒரு புதினாத் தண்டைக்கூட நட்டவளில்லை. அத்தனை வருஷ இரைச்சலுக்குப் பிறகு, பச்சைக்கு நடுவே உட்கார்ந்து நிம்மதியாக ஒரு தேநீர் குடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

அதே மாடியின் மேல் அவள் கணவர் தைசீருக்கும் ஒரு கண். அவருக்குப் புறா வளர்க்க வேண்டும். புறாக்காரன் சாட்சி எங்கள் ஊரில் எடுபடாது. அடுத்தவன் புறாவைப் பிடித்து வைத்துக்கொண்டு என்னுடையதுதான் என்று சத்தியம் செய்கிற கூட்டம் அது. அப்படிப்பட்டவரிடம் போய் இவள் பந்தயம் கட்டினாள்.

"செலவுக்குப் பத்து தினார்தான் தர்றேன். வாசல் திராட்சைக்கொடி துளிர்க்கிறதுக்குள்ள மாடி பச்சையாகணும். இல்லேன்னா அது என் புறாவுக்கு" என்றார் தைசீர்.

தொட்டிக்குச் செலவில்லை. ஃபலாஃபல் கடைக்காரர் காலி எண்ணெய் டின்களைச் சும்மாவே கொடுத்தார். மண்ணைப் பக்கத்தில் வீடு கட்டத் தோண்டிய இடத்திலிருந்து அள்ளி வந்தாள். நாற்றுப் பண்ணையில் விலை கேட்டபோதுதான் முகம் செத்துப் போனது. பத்து தினாருக்கு ஒரேயொரு மல்லிகைச் செடி வரும்.

அப்போதுதான் ஒரு திட்டம் போட்டாள். பக்கத்து வீட்டுத் தட்டை எங்கள் சந்தில் யாரும் வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. அந்தப் பணத்தில் பயறும் அரிசியும் வெங்காயமும் வாங்கி முஜத்தரா பொங்கி, செடி வைத்திருக்கிற வீடுகளுக்கெல்லாம் தட்டுத் தட்டாக அனுப்பினாள். கூடவே உங்கள் ரோஜா என்ன அழகு என்று ஒரு வார்த்தை. தட்டில் ஒரு கிளையாவது திரும்பி வரும் என்பது அவள் கணக்கு.

நாங்கள் என்ன சளைத்தவர்களா? ஜாடியில் உப்பில் ஊறப் போட்டிருந்த திராட்சை இலையை எடுத்துச் சோறு சுருட்டி அனுப்பினேன். எதிர்வீட்டுக்காரி கோழி வறுத்தாள். மூலைவீட்டுக்காரி குனாஃபா இனிப்புச் செய்தாள். மானம் போகக் கூடாதே என்று ரபீஹா மறுபடி சமைக்க, நாங்கள் அதற்கும் ஒரு படி மேலே போக, பணம் கரைந்தது. ஒரு செடிகூட வரவில்லை. தைசீருக்குத் தொந்திதான் வந்தது.

ஒரு நாள் கொடி துளிர்விட்டது. நண்பர் ஹம்தான் வீட்டிலிருந்து நாளைக்கே புறாக்களைக் கொண்டு வருவதாகத் தைசீர் சொன்னார். காலி டின்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன் என்று ரபீஹா பிறகு என்னிடம் சொன்னாள்.

மறுநாள் காலை ரபீஹா வீட்டிலிருந்து என் தட்டு வெறுமையாக வந்தது. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று மாடிக்கு ஓடினேன். எதிர்வீட்டுக்காரி எனக்கு முன்பே வெறும் தட்டோடு அங்கே நின்றாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை, உம்மு நிஸார். எனக்குச் சோறு போதும். ஆளுக்கொரு கிளை ஒடிச்சுக் குடுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள் ரபீஹா.

"அட பைத்தியமே, இதை வாயைத் தொறந்து கேட்டா தேஞ்சா போயிடுவே?" என்றேன். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மதியத்துக்குள் டின்களிலெல்லாம் புதினாவும் ரோஜாக் கிளையும் என் மல்லிகைப் பதியனும் ஏறிவிட்டன. தைசீர் கூண்டோடு வந்தபோது மாடியில் கால் வைக்க இடமில்லை. ஒரு சுற்றுப் பார்த்தார். கூண்டைத் தூக்கிக்கொண்டு ஹம்தான் வீட்டுக்கே திரும்பினார். போகிறவர் கையில், மிச்சமிருந்த குனாஃபாவைத் தட்டில் வைத்து ஹம்தான் வீட்டுக்கென்று கொடுத்தனுப்பினாள் ரபீஹா.

சாயங்காலம் அந்தத் தட்டு துணி போட்டு மூடி, தைசீர் கையில் வந்தது. இன்னும் சாப்பாடா என்று முகம் சுளித்தபடி துணியை விலக்கினாள். தட்டு நிறையப் புறா எச்சம்.

"தட்டை வெறுமையா எப்படிக் கொண்டுவர்றது?" என்றார் தைசீர். "உன் செடிக்குப் போடு. இதைவிட நல்ல உரம் கிடையாது."